ஸ்பேனரின் உத்தரவாதமும் நம் அமானிதமும்

சாரல் காலம் பிறந்துவிட்டால் மேலகரத்தில் முலாம் உரிந்த இரும்பு எதுவும் துருவுக்குத் தப்பாது. சென்ற சாரலில் நாம் வாங்கிய ஸ்பேனர் ஒன்றோ துருப்பிடிக்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை. மூன்றாம் நாளே வாய் விரிந்துவிட்டது. உறையில் 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று அச்சிட்டிருந்தது. விற்றவரோ, "கம்பெனிக்கு எழுதிப் பாருங்க பாய்" என்று கைகழுவினார். ரசீது கேட்டு வாங்காதது நம் பிழை.

பிளம்பர், எலக்ட்ரீஷியன், மெக்கானிக் என்று கைத்தொழிலால் ஹலாலாகப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆகவே எந்தப் பிராண்டை வாங்குவது என்பது அடுப்பங்கரை வரை எட்டும் கேள்வி. நம் தொழிலாளர் பையில் பெரிதும் காணப்படுவது டாபாரியா. ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு 1960களின் இறுதியில் உற்பத்தி தொடங்கிய இந்திய நிறுவனம். வளைகுடாவிலிருந்து திரும்புவோர், 1843இல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்டான்லியையோ, 1919இல் ஜெர்மனியில் பிறந்த கெடோரையோ கொண்டு வருவதுண்டு. கெடோரின் எஃகைக் கையில் பிடித்தவர் குறை சொல்லமாட்டார். விலையைக் கேட்டவர் பெருமூச்சு விடுவார்.

உத்தரவாதத்தில் புகழ்பெற்றது அமெரிக்காவின் கிராஃப்ட்ஸ்மேன். உடைந்த கருவியைச் சியர்ஸ் கடையில் கொடுத்தால் ரசீது கேளாமலே புதியதைத் தந்தனர். அப்புகழுக்குக் காரணம் ஊர்தோறும் இருந்த கடைகளே. தென்காசிக் கடைவீதியில் மாற்றித் தர ஆளில்லாத கருவிக்கு வாழ்நாள் உத்தரவாதம் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன? எனவே நம் தேர்வு, பக்கத்துக் கடையில் கிடைக்கும் நடுத்தர விலைக் கருவியே.

மழையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மட்டமான இரும்பின் மீது பளபளக்கும் முலாமைப் பூசி விற்பதும் அதே வகையன்றோ? மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையைப் ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்று விரிவாகப் பேசுகின்றன. நாட்டின் சட்டமும் இதற்கு அண்மையிலேயே நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தர மறுப்பதும், ரசீதில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகமாகும். 1915 என்ற எண்ணில் முறையிடலாம்.

ஆயினும் கசப்பான மறுபக்கம் ஒன்றுண்டு. ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயை மாட்டி நெம்புகிறோம். ஸ்க்ரூ டிரைவரை உளியாக்கிச் சுத்தியலால் அடிக்கிறோம். உடைந்ததும் "சும்மா திருகினேன், உடைஞ்சிருச்சு" என்று கடைக்காரரிடம் சொல்கிறோம். உத்தரவாதம் என்பது தயாரிப்புக் குறைக்கே உரியது. தவறாகக் கையாண்டதை மறைத்து மாற்றுக் கருவி பெறுவது, நனைந்த தானியத்தை வாங்குபவர் பக்கம் நின்று மறைப்பதாகும். இதைச் சிறு பொய் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

கருவிக் கடை நடத்தும் நம் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஐம்பது ரூபாய்ப் பொருளாயினும் ரசீது எழுதுங்கள், திரும்பி வரும் கருவிகளைப் பெட்டியொன்றில் சேர்த்து, சரக்கு கொண்டுவரும் விநியோகஸ்தரிடம் நீங்களே கொடுத்து மாற்றித் தாருங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.