பியூஸுக்குப் பதிலா ஈயத்தாள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் முழுதாக வாசியுங்கள். இல்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டுமாவது பாருங்கள்.

பழைய சாமான்களைத் திருத்துவது பற்றி நம்மவர்கள் சொல்லும் ஆலோசனைகளைச் சேர்த்தால் ஒரு தனிப் புத்தகமே போடலாம். டீவியில் படம் ஆடினால் தலையில் ஒரு அடி. டீவி கேம் கசட் ஓடாவிட்டால் வாயால் ஊது. போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் புதை. (இதற்கும் ஒருவர் "சம்பாவா, நாட்டரிசியா?" என்று கேட்டிருந்தார்.) பியூஸ் போனால் சிகரட் பெட்டி ஈயத்தாள். மூன்று துளை பிளக் பொயின்டில் இரண்டு பின் செருக வேண்டுமென்றால் மேல் துளைக்குள் பேனையை விட்டு அழுத்து.

வாசிக்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் இவற்றில் சில வேலை செய்யும், சில செய்யாது, சில ஆளைக் கொல்லும். மூன்றும் ஒரே மாதிரியான சிரிப்புப் படத்தோடு வட்ஸ்அப்பில் வந்து சேர்வதுதான் என் பிரச்சினை.

டீவிக்கு அடிப்பதை எடுங்கள். அது முழுப் பொய்யில்லை. பழைய பெட்டி டீவி சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே ஈயம் வைத்து ஒட்டிய இடங்களில் மயிரிழை போல வெடிப்பு வரும். தட்டினால் அது தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், படம் வரும். 1980இல் ஆப்பிள் நிறுவனம் 'ஆப்பிள் 3' என்று ஒரு கொம்பியூட்டர் விட்டது. சூட்டில் அதன் சிப்கள் சொக்கட்டை விட்டுக் கிளம்பின. நிறுவனமே சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? மெஷினைச் சில அங்குலம் தூக்கி மேசையில் தொப்பென்று போடுங்கள், சிப் திரும்ப இறங்கிவிடும் என்பது. நம்ம ஊர் மூத்தப்பாமார் சொன்னதைத்தான் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

கசட் ஊதுவது அப்படியில்லை. கசட்டைக் கழற்றித் திரும்பப் போட்டதால்தான் அது ஓடியது, ஊதியதால் அல்ல. ஊதும்போது எச்சில் ஈரம் செம்புப் பட்டைகளில் படிந்து நாளடைவில் பச்சை பிடிக்கும். நம்மைப் போலக் கடற்கரை ஊரில் காற்றிலேயே உப்பு இருக்கிறது, எச்சிலும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? ஊத வேண்டாம் என்று நின்டெண்டோ நிறுவனமே சொல்லியிருக்கிறது. அரிசி விஷயமும் அப்படித்தான். அரிசித் தூள் போனுக்குள் போய்ச் சேதமாக்கும், அரிசிப் பைக்குள் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் 2024இல் அறிவித்தது. இந்த இரண்டிலும் நட்டம் ஒரு கசட், ஒரு போன். அதோடு போகும்.

இனி கொஞ்சம் தூரம் போவோம். அமெரிக்காவில் பின்போல் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. ஸ்கூல் லேபில் விண்டோஸ் எக்ஸ்பி பாவித்தவர்களுக்குத் தெரியும், அதற்குள் ஒரு பின்போல் கேம் இருந்தது. அதன் அசல், கண்ணாடி மூடிய மரப்பெட்டி. உள்ளே இரும்புக் குண்டு, அதைத் தட்டிவிட இரண்டு கைகள். நியூயோர்க் நகரத்தில் இதைச் சூதாட்டம் என்று 1942 முதல் 1976 வரை தடை செய்து வைத்திருந்தார்கள். மேயர் லா கார்டியா சம்மட்டி தூக்கி உடைத்துப் படத்துக்குப் போஸ் கொடுத்தார். பின்போல் மெஷினுக்குச் செய்யப்பட்ட ரிப்பேர்களில் ஆக மோசமானது அதுதான்.

இப்போது அந்தப் பழைய மெஷின்களை வாங்கித் திருத்துவது அங்கே பலருக்குப் பைத்தியம். அவர்களுக்குள் ஒரு பகிடி வழக்கம் இருக்கிறது: வேண்டுமென்றே பிழையான ஆலோசனை சொல்வது. "எல்லா இடத்துக்கும் டபிள்யூடி-40 அடி." "மேசையை இரும்பு நாரால் தேய்." "பியூஸ் எரிந்தால் பெரிய பியூஸ் போடு, அதுவும் எரிந்தால் ஈயத்தாளைச் சுற்று, எங்கே புகை வருகிறதோ அங்கேதான் பிழை இருக்கிறது."

தெரிந்தவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு பாடம். அந்தக் கையை இழுக்கும் கொயில் நைலோன் குழாய்க்குள் காய்ந்தபடி ஓட வேண்டியது. எண்ணெய் பட்டால் தூசு ஒட்டிச் சேறாகும். இரும்பு நாரின் தூள்களைக் கொயிலின் காந்தம் இழுத்து வயருக்கு வயர் ஷோர்ட் ஆக்கும். மூன்றாவதுதான் முக்கியம். அந்தக் கொயிலில் இரண்டு சுற்று இருக்கிறது. ஒன்று குண்டை ஓங்கி அடிக்க, மற்றது கையை மேலே பிடித்து வைத்திருக்க. கை மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு சின்ன சுவிட்ச் திறந்து, பலமான சுற்றிலிருந்து மெல்லிய சுற்றுக்குக் கரண்டை மாற்ற வேண்டும். அந்தச் சுவிட்ச் பழுதானால் பலமான கரண்ட் நிற்காமல் ஓடும். கொயில் எரிவதற்கு முதல் தன்னைக் கொடுத்து அதைக் காப்பாற்றுவது பியூஸ். பியூஸ் எரிந்தது நோயில்லை, நோயைச் சொன்ன ஆள். ஈயத்தாள் சுற்றுகிறவன் அந்த ஆளின் வாயைக் கட்டுகிறான். மெஷினின் உடம்போ மரம்.

அந்த வட்டத்துக்குள் இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். அதனால்தான் அவர்கள் சிரிக்கிறார்கள். அதே வசனம் வட்டத்தை விட்டு வெளியே வந்தால் பகிடி எங்கோ வழியில் விழுந்துவிடும், ஆலோசனை மட்டும் வந்து சேரும். அவர்களில் சிலர் அழுக்கான சர்க்கிட் போர்டை உண்மையிலேயே தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்துப் பாவிக்கிறார்கள். எது பகிடி, எது பக்குவம் என்று வெளியில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?

எட்டாம் வகுப்பில் பியூஸ் எதற்கு என்று கேட்டேன். ஒரு பொடியன் எழும்பி, "கரண்டக் கொறைக்கிற சாமான் சேர். ஈயத்தாள் போட்டா நல்லா வரும்" என்றான். எங்கே படித்தாய் என்றால் வீடியோ. அவன் மடையன் இல்லை, வகுப்பில் கெட்டிக்காரன். 13 ஆம்பியர் சதுரப் பின் பிளக்கைக் கழற்றினால் உள்ளே சின்ன பியூஸ் இருக்கும் என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அதன் மேல் ஈயத்தாள் சுற்றவும் தெரியும்.

இனி நம்ம ஊர்க் கதை. ஒரு வட்ஸ்அப் குழுவில் ஒரு சகோதரர் கேட்டிருந்தார்: "கெணத்து மோட்டர் போட்டா ட்ரிப் சுவிட்ச் விழுது. என்ன செய்யலாம்?" மோட்டருக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கச் சொன்னார் ஒருவர். வேறொருவர், "ட்ரிப் சுவிட்சக் கழட்டி ஆத்துல வீசிட்டு வயர நேரா முறுக்குங்க காக்கா, ஆயுசுக்கும் விழாது" என்றார். அதற்குத்தான் ஆகக் கூடின சிரிப்பு. எழுதியவர் நல்ல மனிதர், பகிடிக்குத்தான் எழுதினார். இரண்டு நாளில் கேட்டவரிடமிருந்து பதில்: "ஜஸாகல்லாஹு ஹைர். வயர நேரா குடுத்தாச்சு. இப்ப ஒரு பிரச்சினையும் இல்ல."

ட்ரிப் சுவிட்ச் செய்யும் வேலை லேசானது. வீட்டுக்குள் போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சமமில்லை என்றால் மிச்சம் எங்கேயோ ஒழுகுகிறது. மோட்டர் உடம்பாலோ, ஈரச் சுவராலோ, ஒரு மனிதனாலோ மண்ணுக்குள் போகிறது. வீடுகளில் பூட்டும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் ஒழுகினால் கண் இமைக்கும் நேரத்தில் விழும். 1000 வோட்ஸ் அயன் ஒன்று 4 ஆம்பியருக்கு மேல் எடுக்கிறது. அதோடு பார்த்தால் 30 மில்லி ஆம்பியர் ஒரு தூசு. ஆனால் அந்தத் தூசுக்குக் கொஞ்சம் மேலே போனால் மனித இதயம் தாங்காது. சாதாரண பியூஸ் அதைக் கணக்கிலேயே எடுக்காது. பியூஸ் வயரைக் காக்கும், ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். மோட்டர் போட்டதும் அது விழுகிறது என்றால் கிணற்றடியில் கரண்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

அந்த வீட்டுக்கு ஒரு வயர்மேன் போனார். அதே குழுவில் இருந்தவர், செய்தியைப் பார்த்துவிட்டு அழைக்காமலே போனார். மண்ணுக்குக் கீழே போகும் மோட்டர் வயரில் ஒரு பொருத்து. அதைச் சுற்றியிருந்தது டேப் அல்ல, ஷொப்பிங் பேக். யாரோ ஒருவர் எப்போதோ செய்த 'சும்மா ஒரு ஐடியா'. அதற்கு மேலேதான் தினமும் தண்ணீர் ஓடுகிறது, அந்த இடத்தில் நின்றுதான் பிள்ளை குளிக்கிறது. அல்லாஹ் காப்பாற்றினான். வயர்மேன் வயரை மாற்றி, ட்ரிப் சுவிட்சைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தார். குழுவில் இதைப் பற்றி அவர் ஒரு வரியும் போடவில்லை. அவர் போட்டிருந்தாலும் பிளேன்டீக்கு விழுந்த சிரிப்பு அதற்கு விழுந்திருக்காது.

நம்மில் பலர் பாஸ்மாரைக் கூப்பிடத் தயங்குவது காசுக்காக. ஆயிரம், இரண்டாயிரம் கேட்பார்கள், உண்மைதான். "இதைத் திருத்தேலாது, புதுசு வாங்குங்க" என்று நேர்மையாகச் சொல்லும் பாஸுக்கு நாம் ஒரு சதமும் கொடுப்பதில்லை. அவர் வந்து பார்த்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று நினைப்பதுமில்லை. பிறகு, இலவசமாக ஐடியா சொல்பவர்கள்தானே ஊரில் மிஞ்சுவார்கள்?

ஒரு செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொன்ன மார்க்கத்தில் இருக்கிறோம். அரசியல் செய்தி வந்தால் அதை ஞாபகப்படுத்தப் பத்துப் பேர் வருவார்கள். கரண்ட் விஷயத்தில் ஒருவரும் இல்லை. பகிடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பகிடி இல்லாத குழுவில் இருந்து என்ன பயன்? கரண்ட், கேஸ், மருந்து, இந்த மூன்றைப் பற்றியும் யாராவது பகிடி போட்டால் அதற்குக் கீழே சரியான பதிலை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். குழுவில் வயர்மேன்மார் இருந்தால் அட்மின்மார் அவர்களின் பெயரைச் சொல்லி அழையுங்கள். கூச்சப்பட்டுப் பேசாமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக ஒரு வேலை. மெயின் சுவிட்ச் பக்கத்தில் இருக்கும் ட்ரிப் சுவிட்சில் ஒரு சின்ன பட்டன் இருக்கும், 'டெஸ்ட்' என்றோ வெறும் 'டீ' என்ற ஆங்கில எழுத்தோ போட்டிருக்கும். இன்று அதை ஒரு தடவை அமத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும், விழுந்தால் திரும்பத் தூக்கிவிடுங்கள். மாதம் ஒரு தடவை இப்படிச் செய்வது நல்லது. விழாவிட்டால் அது சுவரில் ஒட்டிய வெறும் பிளாஸ்டிக், நாளைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள். பட்டனை அமத்த முதல், உள்ளே நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும் உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.