எண்ணெய் உங்கள் வரியைக் கட்டாது

மேற்கு டெக்சாஸின் எண்ணெய்க் கவுண்டிகளில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. "இங்கே சொத்துவரியை எண்ணெய்க் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்காரன் எதற்கு மதிப்பீட்டை எதிர்த்து மனுப் போட்டு மல்லுக்கட்ட வேண்டும்?" இந்தப் பேச்சு கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் எளிய குடும்பங்களின் கைப்பணத்தை ஆண்டுதோறும் கரைப்பது இதுதான். அதனால் இதை வன்மையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை வெறுங்காற்றில் பிறந்ததல்ல. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. மாநில அரசு சொத்துவரியும் வாங்குவதில்லை. பள்ளி, மருத்துவமனை, ஷெரிஃப் அலுவலகம், சாலை எல்லாமே உள்ளூர்ச் சொத்துவரியைப் பெரிதும் நம்பி நடக்கின்றன. மேற்கு டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி இருந்தவர்கள் 64 பேர். நிலத்தடியில் இருப்பதோ பல நூறு கோடி டாலர் பெறுமான எண்ணெயும் எரிவாயுவும். அங்கே வரியின் பெரும்பகுதியை எண்ணெய் கட்டுகிறது என்பது உண்மைதான். இன்று கட்டுகிறது. நாளையும் அதே அளவு கட்டும் என்று யார் சொன்னது?

வரி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் இந்த நம்பிக்கையின் ஓட்டை தெரிந்துவிடும். சொத்தின் மதிப்பைக் குறிப்பது கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகம். விகிதத்தை முடிவு செய்வது கவுண்டி, பள்ளி மாவட்டம், மருத்துவமனை மாவட்டம் போன்ற வேறு அமைப்புகள். செலவுக்கு இவ்வளவு வேண்டும், ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு இவ்வளவு என்று வகுத்துத்தான் விகிதம் வருகிறது. ஒரு கணக்குக்காக, ஓர் ஊரின் செலவு 1 கோடி டாலர் என்று வையுங்கள். சொத்து மதிப்பு 100 கோடி. அதில் எண்ணெய் 90 கோடி. விகிதம் நூற்றுக்கு ஒன்று. 1,50,000 டாலர் வீட்டுக்கு வரி 1,500. எண்ணெய் மதிப்பு 40 கோடியாகச் சரிந்தால் மொத்தம் 50 கோடி. செலவு குறையாவிட்டால் விகிதம் இரண்டாகும். அதே வீட்டுக்கு 3,000. வீட்டில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. பழைய வருமானத்தையே திரட்டுவதற்காக விகிதத்தை இப்படி உயர்த்தினால், கவுண்டி போன்ற அமைப்புகள் பொதுவாக மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவும் தேவையில்லை. சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

சரிவு அபூர்வமும் அல்ல. பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கும் மேல் விழுந்துவிடும். புதுக் கிணறு தோண்டிக்கொண்டே இருந்தால்தான் மதிப்பு நிற்கும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் எண்ணெய்ச் சொத்து பல கவுண்டிகளில் சுருங்கியது. ஆனால் எண்ணெய் பொங்கிய காலத்தில் பள்ளிக் கட்டடத்துக்கு வாங்கிய கடன் பத்திரம் இருபது, முப்பது ஆண்டுக்கு ஓடும். கிணறு வற்றினாலும் தவணை வற்றாது.

எண்ணெய் நிறுவனங்கள் இதையெல்லாம் நன்றாக அறிந்தவை. பொறியாளர், வரி முகவர், வழக்கறிஞர் என்று ஆள் வைத்து, ஆண்டு தவறாமல் தங்கள் மதிப்பீட்டை எதிர்க்கின்றன. அது அவர்கள் உரிமை. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர்கள் எதிர்த்து இறக்கும் ஒவ்வொரு டாலர் மதிப்பும், வாய் திறக்காத வீட்டுக்காரரின் பங்கைக் கூட்டுகிறது. எண்ணெய் நம் வரியைக் கட்டும் என்று நம்பி ஒதுங்குகிறவர், உண்மையில் எண்ணெயின் வரியில் ஒரு துளியைத் தாம் கட்டுகிறார்.

இன்னொரு பயமும் உண்டு: "எதிர்த்தால் கோபித்துக்கொண்டு மதிப்பைக் கூட்டிவிடுவார்கள்." 2019-இல் வந்த சட்டத்திருத்தம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அலுவலகம் தன் பதிவேட்டில் காட்டிய மதிப்பைவிட அதிகமாக, உரிமையாளர் சம்மதமின்றி, மனுவை விசாரிக்கும் மறுஆய்வு வாரியம் நிர்ணயிக்க முடியாது. வாரியத்தில் உட்காருபவர்கள் அந்தக் கவுண்டியிலேயே குடியிருப்பவர்கள். மதிப்பு சரியென்று நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாக அலுவலகத்தினுடையது. கேட்டால், விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பே தன் ஆதாரங்களை அது தந்தாக வேண்டும்.

எதிர்த்துக் கேட்க வேண்டிய காரணமும் நிறைய. விற்பனை விலையை வெளியிட வேண்டும் என்ற சட்டம் டெக்சாஸில் கிடையாது. ஆண்டுக்குச் சில வீடுகளே கைமாறும் சிற்றூரில், வேலைக்கு வந்த கூட்டத்தால் விலை ஏறிய நேரத்தில் நடந்த இரண்டொரு விற்பனை மற்ற எல்லா வீட்டின் மதிப்பையும் தூக்கிவிடும். உங்கள் வீட்டு அஸ்திவாரம் விரிசல் விட்டதும், வாசலில் இரவு பகலாக மணல் லாரி ஓடுவதும், பின்புறம் எண்ணெய் இறைக்கும் பம்ப்ஜாக் இரைவதும், எரியும் வாயுவின் நாற்றமும் மொத்தமாகக் கணக்கிடும் அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? நீங்கள் போய்ச் சொன்னால்தான் தெரியும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத உச்சவரம்பு இருக்கிறதே என்பார்கள். அதுவும் முழுக் காப்பல்ல. சந்தை மதிப்பு பொய்யாக உயர்ந்து நின்றால், விலை ஏறாத ஆண்டிலும் வரிக்குரிய மதிப்பு அதை எட்டிப் பிடிக்க ஏறிக்கொண்டே போகும்.

நாம் குறைத்துக் கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் வாடுவார்களே என்று சிலர் தயங்குகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் 1876 டெக்சாஸ் அரசியலமைப்பு, வரி சமமாகவும் சீராகவும் இருக்க வேண்டும் என்கிறது. பக்கத்து வீடுகளைவிட உங்கள் வீடு உயர்த்தி மதிப்பிடப்பட்டிருந்தால், அதைச் சுட்டுவது பள்ளியிடம் பறிப்பது ஆகாது. அந்த அநீதியை நீங்கள் மட்டும் சுமப்பதால் ஒரு குழந்தைக்கும் கூடுதலாக நன்மை விளைவதில்லை.

டெக்சாஸில் வீடு வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இது பொருந்தும். மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தால் பிரிக்காமல் மேசையில் போட்டுவிடாதீர்கள். வீட்டின் பரப்பளவும் வயதும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், பழுதுகளைப் படம் எடுங்கள், அலுவலகத்தின் ஆதாரத்தைக் கேட்டு வாங்குங்கள். மனுப் போடக் கெடு மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள். இரண்டில் எது பிந்தியதோ அது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது.