வாடகை வீட்டிற்கும் குலம் கேட்பதோ?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாடகைக்கு வீடு தேடும் தமிழரிடம், சம்பளம் எவ்வளவு என்று கேட்குமுன், "ஊரிலே எந்த இடம்?" என்று கேட்கும் வீட்டுக்காரர் இன்றும் உளர். அக்கேள்வியினுள் சாதி ஒளிந்திருப்பதை அறியாதார் யார்?

1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போரை வெளியேற்றுவதற்குத் தடை விதித்தது. குடிவர வந்தோரை வாசலிலே திருப்புவதற்கு விதிக்கவில்லை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, கடைக்கும் உணவகத்துக்கும் விடுதிக்கும் செல்வோரைச் சாதி, சமயம் காட்டித் தடுக்கலாகாது என்கிறது. வாடகை வீட்டை அப்பட்டியலிற் காணோம்! பிரித்தானியாவோ 1968 இலேயே நிறமும் இனமும் பார்த்து வீடு மறுப்பதைச் சட்டவிரோதமாக்கிற்று. அதன் வழிவந்த சட்டங்களின் நிழலில் இலண்டனில் வாழும் நம்மவருட் சிலர், ஊரிலுள்ள தம் வீட்டுக்கு மட்டும் "நம்ம ஆட்களாய்ப்" பார்க்கச் சொல்லுகின்றனர். நல்ல வேடிக்கை!

வீட்டுக்காரருக்கு உரிமையே இல்லையென்று நாம் கூறவில்லை. வாழ்நாட் சேமிப்பிற் கட்டிய வீடு. வாடகை ஒழுங்காக வருமா, எத்தனை பேர் குடியிருப்பர், முன்னைய வீட்டை எப்படி வைத்திருந்தனர் என விசாரிப்பது முறையே. பிள்ளைகளின் படிப்புக்காக நகருக்கு வரும் விவசாயியிடம் சம்பளச் சீட்டு இராது. அறுவடைக்கு அறுவடையே பணம் வரும். அதற்கேற்பத் தவணை பேசலாம். பிறப்பை விசாரிக்க எவருக்கும் உரிமையில்லை.

2006 இல் போரினால் சம்பூரை விட்டு ஓடியோர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காய்க் கிடந்ததைக் கண்ட மாவட்டம் இது. உறுப்புரையில் வாடகை வீட்டையும் சேர்க்குமாறு பாராளுமன்றத்திலுள்ள நம் உறுப்பினர்கள் கேட்கட்டும்.