எலும்புக்கு இனமுண்டோ?

“இந்நாட்டின் முதற்குடி யார்?” என்று வழக்காடுவோரை நாம் கேட்கிறோம்: சாட்சியைக் கூண்டிலேற்றத் துணிவீர்களா?

சாட்சி களுத்துறை மாவட்டத்துப் பாகியான் குகையில் கிடக்கிறான். ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்தோர் குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர். எலும்பில் அம்புமுனை செய்தனர். 2020இல் வெளியான ஆய்வின் முடிபு இது. அவர்கள் பேசியது சிங்களமுமன்று, தமிழுமன்று. அவர்தம் முன்னோர் ஆபிரிக்காவிலிருந்து வந்தோர். 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் சிம்பன்சியோடு ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த குடியினர். பிறரை வந்தேறியெனச் சுட்டும் விரலும் வந்தேறியின் விரலே! உலகின் முதல் மனிதன் தமிழனே என மேடையில் முழங்கும் நம்மவர்க்கும் இதுவே விடை. கைதட்டல் சான்றாகாது.

ஆயினும் நடந்ததென்ன? 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளைப் பேணவென ஜனாதிபதி செயலணி அமைந்தபோது, தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாய் வாழும் அம்மாகாணத்திலிருந்து தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் முதலில் அதில் இடம்பெறவில்லை. திரியாயில் உழவர் நிலங்கள் தொல்பொருட் பூமியென உரிமை கோரப்பட்டன.

சல்லியில் வலையிழுப்பவனுக்கும் திரியாயில் ஏர்பிடிப்பவனுக்கும் காணியுரிமை தருவன உறுதியும் தலைமுறை தலைமுறையான ஆட்சியுமே; குகையெலும்பன்று. அகழுங்கள்; ஆழமாகவே அகழுங்கள். மனிதன் தோன்றி வளர்ந்த வரலாற்றைப் பள்ளிதோறும் கற்பியுங்கள். ஆனால், மண்வெட்டியோடு எல்லைக்கல்லையும் சுமந்து வராதீர்கள்!