கீழே இறங்கவும் ஒரு வழி வேண்டும்

2018-19 ஐ-லீக் கால்பந்துக் கோப்பையை வென்ற அணி சென்னை சிட்டி. கோவை நேரு விளையாட்டரங்கில் கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று சாய்த்தது. பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் மட்டும் 21 கோல் அடித்தார். கொரோனாவால் ஆட்டங்கள் எல்லாம் மேற்கு வங்கத்திலேயே நடந்த 2020-21 பருவத்தில் கடைசி இடம் பிடித்தது நெரோகா. ஆனால் அடுத்த பருவத்தில் ஆளைக் காணோம் என்று ஆனது சென்னை சிட்டிதான். களத்தில் தோற்றுத் தரமிறங்கும் அணிக்குக்கூட, கடைசி வெளியூர் ஆட்டத்துக்கு நாலு பேர் பஸ் பிடித்துப் போய்க் கைதட்டுவார்கள். சென்னை சிட்டி ரசிகர்களுக்கு அதற்கும் வழியில்லை.

நாட்டின் மேல்மட்ட லீக்கான ஐ.எஸ்.எல்.லில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 2024-25இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கடைசி இடம் பிடித்தும் கீழே இறங்கவில்லை. பட்டியலின் அடியில் நடக்கும் ஆட்டங்களில் பிறகு என்ன சூடு இருக்கும்? தரமிறக்கம் வந்தால் முதல் போட்டவர்கள் ஓடிவிடுவார்கள் என்பது வழக்கமான மறுப்பு. நியாயமான பயம்தான். அதற்காகத்தான் இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் கிளப்புக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் உதவித்தொகை தருகிறார்கள். இறங்கும் கதவு பூட்டியிருந்தால் ஏறும் கதவும் ஒப்புக்குத்தான் திறக்கும். விக்கிரவாண்டியிலோ திண்டிவனத்திலோ ஒரு கிளப் தொடங்க நினைப்பவர் முதலில் கேட்பது, மேலே போக வழி உண்டா என்பதைத்தான்.