நர்ஸ் தரும் குழந்தையா, நாத்தனார் தரும் குழந்தையா?

"திருமணமாகி 11 வருடங்கள் ஆகின்றன. எனக்கு 36 வயது, கணவருக்கு 40. நான்கு முறை ஐ.வி.எஃப் செய்தும் பலனில்லை, சேமிப்பும் கரைந்துவிட்டது. தெரிந்த நர்ஸ் ஒருவர், 'கல்யாணமாகாத பொண்ணு ஒண்ணு எட்டு மாசமா இருக்கு. பிறந்ததும் வாங்கிக்கலாம். உங்களுக்கே பிறந்த மாதிரி பர்த் சர்டிஃபிகேட் வாங்கித் தந்துடறேன். நாலரை லட்சம் ஆகும்' என்கிறார். இன்னொரு பக்கம், மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருக்கும் என் நாத்தனார், 'இந்தக் குழந்தையை நீங்களே வளர்த்துக்கங்க அண்ணி' என்கிறார். நாளைக்குத் திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு பயம். நர்ஸ் சொல்வதே பரவாயில்லையோ என்றுகூடத் தோன்றுகிறது. எது சரி? எவ்வளவு செலவாகும்?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

அன்புத் தோழிக்கு,

முதலில் அந்த நர்ஸுக்கு 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது தத்து அல்ல, விற்பனை. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 81-வது பிரிவின்படி, குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. மருத்துவமனை ஊழியர் ஈடுபட்டிருந்தால் அவருக்குத் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள். 2019-ல் ராசிபுரத்தில் விருப்ப ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசிய ஆடியோ வெளியாகி, அவரும் வேறு சிலரும் கைதானது நினைவிருக்கும்.

தண்டனையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பொய்யான பிறப்புச் சான்றிதழால் நீங்கள் பெற்றோர் ஆகிவிட முடியாது. அது போலி ஆவணம். நாளைக்குச் சொத்துத் தகராறு வந்து யாராவது டி.என்.ஏ பரிசோதனை கேட்டால், பெற்ற பிள்ளையாகவும் இல்லாமல், தத்துப் பிள்ளையாகவும் இல்லாமல் நிற்கப்போவது அந்தக் குழந்தைதான்.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். வளர்க்க முடியாத நிலை என்றால், அவர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை முறையாக ஒப்படைக்கலாம். அவருடைய அடையாளம் ரகசியமாக இருக்கும். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் உண்டு. 1098-க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள். அவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் விஷயம் போக்சோ சட்டத்துக்குள் வந்துவிடும்; தெரிந்தும் மறைப்பது குற்றம்.

இப்போது நாத்தனார் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் இரு குடும்பத்தாரும் இந்துக்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956-ன்படி, பெற்றோர் தங்கள் குழந்தையை நேரடியாகத் தத்துக் கொடுக்கலாம். பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் இதே சட்டம்தான். பின்பற்ற வேண்டியவை இவை:

1. நாத்தனார், அவர் கணவர் இருவரும் சம்மதிக்க வேண்டும். உங்கள் பக்கம் நீங்களும் கணவரும் சம்மதிக்க வேண்டும்.

2. ஆண் குழந்தை என்றால் உங்களுக்கும் குழந்தைக்கும், பெண் குழந்தை என்றால் உங்கள் கணவருக்கும் குழந்தைக்கும் குறைந்தது 21 வயது வித்தியாசம் வேண்டும். உங்களுக்கு அதில் சிக்கல் இல்லை.

3. குழந்தையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கையில் கொடுத்து வாங்குவதுதான் தத்தின் உயிர். எனவே வயிற்றில் இருக்கும்போதே எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. தத்து ஹோமம் கட்டாயமில்லை.

4. சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட தத்துப் பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவான பத்திரம் இருந்தால், தத்து முறையாக நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரை மாற்ற விண்ணப்பிக்கலாம்.

செலவு என்று பார்த்தால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், வழக்கறிஞர் அல்லது பத்திர எழுத்தர் கட்டணம்; அவ்வளவுதான். நாத்தனாருக்கு நன்றிக்கடன் என்று பணமோ நகையோ கொடுத்துவிடாதீர்கள். தத்துக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் 17-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். சொந்தக்காரர்கள் என்பதற்காக இதில் விலக்கு கிடையாது.

'திருப்பிக் கேட்டால்?' என்று பயப்படுகிறீர்கள். முறையாக நடந்த தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது. அவர்கள் திருப்பிக் கேட்க முடியாது. நீங்களும் திருப்பிக் கொடுக்க முடியாது. பின்னால் உங்களுக்கே ஒரு குழந்தை பிறந்தாலும் இந்தக் குழந்தையின் உரிமை குறையாது. அதனால்தான் சொல்கிறேன், பிரசவ வார்டிலேயே வாங்கிக்கொண்டு வராதீர்கள். சில மாதம் பொறுங்கள். பால் கொடுத்த பிறகும் நாத்தனார் அதே வார்த்தையைச் சொல்கிறாரா என்று பாருங்கள். மாமியார் முன்னால் அல்ல, தனியாகக் கேளுங்கள். 'முடியலை அண்ணி' என்று அவர் சொன்னால், அதையும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அதற்காக வெறுமனே காத்திருக்கவும் வேண்டாம். மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் இப்போதே பதிவு செய்யுங்கள். எந்த மதத்தினரும் இந்த வழியில் தத்தெடுக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டும் என்றால் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. உங்களுடையது 76. தள்ளிப்போட்டால் இந்தத் தகுதி நழுவிவிடும். வீட்டு ஆய்வு, குழந்தைப் பராமரிப்பு நிதி, தத்துக்குப் பிந்தைய ஆய்வுகள் என எல்லாம் சேர்த்தும் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். கட்டண விவரம் இணையதளத்திலேயே இருக்கிறது; ரசீது இல்லாமல் யாருக்கும் எதுவும் தர வேண்டாம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார் என்பதால் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை.

காத்திருப்புதான் நீளம். கைக்குழந்தைக்கு மூன்று வருடங்களுக்கு மேலும் ஆகலாம். 11 வருடம் காத்திருந்தவரிடம் இன்னும் பொறுங்கள் என்று சொல்வது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால், பெரியவனாகியோ பெரியவளாகியோ 'நான் எப்படி உங்களிடம் வந்தேன்?' என்று உங்கள் குழந்தை ஒருநாள் கேட்கும். அன்றைக்கு எடுத்துக் காட்ட உங்களிடம் ஓர் உண்மையான காகிதம் இருக்கட்டும்.