வேத புஸ்தகமும் பாடபேதமும்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலே பரிசுத்த திரித்துவத்தின் பேரால் ஒரு கோவில் இருக்கின்றது. ரோமன் கத்தோலிக்கர்களுக்கும் அங்கே தனிக் கோவில்களும் மடங்களும் பள்ளிக்கூடங்களும் உண்டு. காப்பித் தோட்டங்களில் பாடுபடும் கிறிஸ்தவர்கள் இவ்விரு பக்கத்திலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரு பக்கத்தாரும் கையில் வைத்திருக்கும் புஸ்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக் கொள்ளுகின்றோம்.

ஒன்று, 1871இல் முடிந்த பவர் ஐயர் மொழிபெயர்ப்பு. புராட்டஸ்டண்டு கோவில்களில் இன்றும் பெரும்பாலும் வாசிக்கப்படுவது அதுதான். மற்றொன்று, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் கூடி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம். இரண்டிலும் யோவான் எழுதியதாகச் சொல்லப்படும் முதல் நிருபத்தில் 5-ம் அதிகாரம் 7-ம் வசனத்தைப் பாருங்கள். பழையதில் பரலோகத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூன்று சாட்சிகள் உண்டு. மூவரும் ஒன்று என்றும் இருக்கும். புதியதில் அவர்களைக் காணோம். ஆவி, நீர், இரத்தம் மாத்திரமே நிற்கின்றன. திரித்துவத்தை வெளிப்படையாய்ச் சொல்லும் ஒரே வசனம் எங்கே போயிற்று?

போகவில்லை, முதலில் இருந்ததே இல்லை என்பதுதான் ஏடு பார்த்த பண்டிதர்கள் சொல்லும் பதில். 1516இல் எராஸ்மஸ் என்கின்ற ஹாலந்து தேசத்துப் பண்டிதர் பேசல் நகரத்தில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவர் கையில் கிடைத்தவை பிற்காலத்து ஏடுகள் சிலவேயாகும். வெளிப்படுத்தின விசேஷத்திற்கு இருந்த ஒரே ஏட்டில் கடைசித் தாள் இல்லாமற் போகவே, லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்தில் மொழிபெயர்த்துச் சேர்த்துக் கொண்டார்! ஆனாலும் மேற்படி மூன்று சாட்சி வசனத்தை, கிரேக்க ஏட்டில் காணாததால், 1516லும் 1519லும் அவர் போடவில்லை. கூச்சல் கிளம்பிற்று. பிறகு ஒரு கிரேக்க ஏடு காட்டப்பட்டது. 1522இல் வசனம் ஏறிவிட்டது. அந்த ஏடோ அதே பதினாறாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதப்பட்டது. அதற்கு மான்ட்போர்ட் ஏடு என்று பெயர். ஏற்காட்டு மான்ட்போர்ட் பள்ளிக்கூடத்திற்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அது இப்போது இருப்பது டப்ளினில் டிரினிட்டி காலேஜில், அதாவது திரித்துவத்தின் பேரால் உள்ள கல்லூரியிலேயாம்!

அந்த அச்சுப் பரம்பரையைத்தான் பவர் ஐயரும் அனுசரித்தார். கத்தோலிக்கர்கள் லத்தீன் வழி வந்தவர்கள். அதிலும் இவ்வசனம் இருந்தது. 1897இல் ரோமாபுரி அதை மறுக்கக் கூடாதென்று உத்தரவு போட்டு, 1927இல் அவ்வுத்தரவைத் தளர்த்தியது. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த வாடிகன் ஏட்டிலும் சீனாய் மலை ஏட்டிலும் அவ்வசனம் கிடையாது. (இந்தச் சீனாய் ஏட்டை 1933இல் லட்சம் பவுனுக்கு பிரிட்டிஷ் மியூசியத்திற்கு விற்றது, கடவுள் இல்லையென்ற சோவியத் சர்க்கார்.)

நிற்க. இதைப் படித்துவிட்டு நம் வைதிகத் தோழர்கள் கை கொட்டுவார்களானால், அவர்களையும் ஒன்று கேட்கின்றோம். பூனாவிலுள்ள பண்டார்க்கர் ஆராய்ச்சி நிலையத்தார் பல ஏடுகளை ஒப்பிட்டு 1966இல் முடித்த மகாபாரதப் பதிப்பில், வியாசர் சொல்லப் பிள்ளையார் எழுதிய கதை மூலத்திலிருந்து நீக்கப்பட்டு அனுபந்தத்திற்குப் போய்விட்டதே, அதை எந்தக் காலட்சேபத்தில் சொன்னீர்கள்? ஏடு பார்த்து ஒப்பிடுவது எல்லோருக்கும் பொதுவான வேலையல்லவா?

ஒரு வசனம் இருந்தாலென்ன, போனாலென்ன என்று சிலர் நினைக்கலாம். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களைக் கவனியுங்கள். விசுவாசிகள் பாம்பைப் பிடிப்பார்கள், விஷம் குடித்தாலும் சேதப்படார்கள், நோயாளி மேல் கை வைத்தால் சொஸ்தமாகும் என்று அங்கேதான் இருக்கின்றது. மேலே சொன்ன இரண்டு பழைய ஏடுகளிலும் இந்தப் பன்னிரண்டும் இல்லை. இப்போதைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடைப்புக்குள்ளோ குறிப்போடோ அச்சிடுகிறார்கள். அமெரிக்காவில் இதை நம்பிக் கூட்டத்தில் பாம்பைத் தூக்கிக் காட்டி வந்த ஹென்ஸ்லி என்கின்ற பாதிரி 1955இல் பாம்பு கடித்தே செத்தார். ஏடு பார்த்தவர்கள் சந்தேகித்த வசனத்திற்கு ஓர் உயிர் கொடுக்கப்பட்டது.

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணுக்குக் காலில் பாம்பு தீண்டினால், சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் விஷம் ஏறும். அந்த நேரத்தில் தலையில் கை வைத்து ஜெபம் செய்ய ஒருவரும், வேப்பிலை அடித்து மந்திரம் போட ஒருவரும் வந்து நிற்பார்களானால், இருவரையும் விலக்கிவிட்டு வண்டியைக் கிளப்ப வேண்டும். விஷ முறிவு மருந்து ஊசியில் இருக்கின்றதே தவிர, எந்த ஏட்டிலும் இல்லை.

பவர் ஐயர் மொழிபெயர்ப்பை இன்றும் அச்சிட்டு விற்கிறவர்களை நாம் கேட்பது பெரிய காரியமல்ல. அந்தப் பன்னிரண்டு வசனங்களுக்கு அடியில், மிகப் பழைய ஏடுகளில் இவை காணப்படவில்லை என்று எல்லாப் பதிப்பிலும் ஒரு வரி போடட்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்காக அந்த ஒரு வரியைப் பாதிரிமார்கள் கோவிலிலும் வாசிக்கட்டும்.